ஜ. தரப்பு, ரா. தரப்பு

"காலை ஒன்பது பத்து. ஜ. தரப்பு உள்நுழைந்தது. ரா. தரப்பின் நிலை முற்றாக அழிக்கப்பட்டது."

லெப்டினன் இதை வாசிப்புப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தார். அவருடைய தமிழ் புத்தகத்தில் படித்த தமிழ். ஒரு எழுத்தையும் விழுங்காது. கொஞ்சம் விழுங்கினால் என்னவாம் என்று இருந்தது கனகரத்தினத்துக்கு.

"பத்து நாற்பத்தைந்து. ரா. தரப்பு நான்கு தட்டுகளுடன் திரும்பி வந்து இடத்தைக் கைப்பற்றியது. ஜ. தரப்புக்குச் சேதம்: கடிதங்கள் ஐந்து." அவர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினார். "இது என்ன?"

"கொம்பியூட்டர், சேர்."

"கொம்பியூட்டர் எங்கே இருக்கிறது? இதில் கொம்பியூட்டர் என்ற சொல்லே இல்லையே?"

அது உண்மைதான். அறுபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தான் கனகரத்தினம். ஒரு இடத்தில்கூட அந்தச் சொல் இல்லை. எழுதினவனுக்குத் தெரியும்தானே எதைப் பற்றி எழுதுகிறான் என்று. வேறொருவர் வாசிப்பார் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் மண்மூட்டைக்குப் பின்னால் நின்று.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. சல்லிக் கிராமத்திலிருந்து திருகோணமலை நகரத்துக்குள் வருகிற வழியில், இராணுவம் ஆட்களை மறித்துச் சோதிக்கிற அந்தச் சென்றி. அவனுடைய சைக்கிள் தார்ப்பீப்பாவில் சாய்ந்து நின்றது. அடையாள அட்டை ஒரு சிப்பாயின் சட்டைப்பைக்குள் இருந்தது. மற்ற நாட்களில் "கொம்பியூட்டர் வேலை" என்று சொன்னால் அரை நிமிசத்தில் விட்டுவிடுவார்கள். இன்றைக்குப் புதிய சிப்பாய்; பையைத் திறந்தான். சோற்றுப் பார்சலை மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். ஸ்குரூ டிரைவரைத் திருப்பித் தந்தான். கொப்பியைத் தரவில்லை.

லெப்டினன் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "நேற்றைய திகதி. பின்னேரம் நான்கு மணி. இறுதி நடவடிக்கை வெற்றி. நாளை முதல் இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாமலே நடமாடும்." திகதியில் விரலை வைத்தார். "நாளை என்றால் இன்று."

"ஓம் சேர்."

"எங்கே நடமாடும்?"

"கடைக்குள்ள, சேர்."

இப்படியே இன்னும் நாலு பதில் சொன்னால் தன் கதை முடிந்தது என்று கனகரத்தினத்துக்கு விளங்கியது. முப்பத்தெட்டு வருசமாக அந்த வாய் அவனை எத்தனையோ இடத்தில் மாட்டிவிட்டிருக்கிறது. இந்தத் தடவை கையும் சேர்ந்துகொண்டது.

குற்றம் கொழும்பில் தொடங்கியது. மூன்று மாதக் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்றுக்குப் போயிருந்தான். அதில் ஒரு மாதம் மின்வெட்டு. ஒரு மாதம், திருகோணமலை விலாசம் போட்ட அடையாள அட்டைக்கு அறை தருகிற வீட்டைத் தேடி அலைந்தது. மிச்சம் ஒரு மாதத்தில் மெஷினைப் போடவும் நிப்பாட்டவும் படித்தான். அதில் நிப்பாட்டுவதுதான் வடிவாக வந்தது. ஆனால் மாஸ்டர் சொன்ன ஒரு விசயம் மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. "பிழை வந்தா எழுதி வையுங்கோ. நேரம், நடந்தது, சேதம். எழுதினாத்தான் பிழை பிடிபடும்."

எழுதினான். வறட்டுக் கணக்காக எழுதியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. விடிய ஆறு மணிக்கு ரேடியோவில் யுத்தச் செய்தி கேட்டுத்தான் ஊர் முழுக்க முகம் கழுவுகிற காலம். அந்த நடையிலேயே எழுதிப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு விட முடியவில்லை.

"கடையைக் காட்டுங்கள்," என்றார் லெப்டினன். "நீங்கள் சொல்வது உண்மையா என்று பார்ப்போம்."

ஜீப்பில் ஏற்றினார்கள். சந்தைக்குக் கிட்டே வரும்போது, தினமும் அவனோடு கதைக்கிற மரக்கறிக் கடைக்காரர் அவனைக் கண்டுவிட்டு, தக்காளியை எண்ணத் தொடங்கினார். கனகரத்தினம் குறை நினைக்கவில்லை. அவனும் எத்தனையோ தரம் அப்படித் தக்காளி பார்த்திருக்கிறான். ஒரு சின்ன விசாரணை என்று போய்த் திரும்பி வராத ஆட்களின் அக்கா தங்கச்சிமார் படத்தைப் பிடித்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக நிற்கிறதையும் பார்த்திருக்கிறான். வீட்டில் அவனுக்குத் தங்கரத்தினம் என்று ஒரு தங்கச்சி. காலையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றவள், மத்தியானம் வரும்போது தலையிடிக்குப் பனடோல் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். ஜீப் கடைக்கும் போகும். கடையைத் தாண்டி நேரே முகாமுக்கும் போகும். கடையில் விசயம் விளங்காவிட்டால் நேரேதான். அவ்வளவுதான் கணக்கு.

துறைமுக வீதிக்குத் திரும்புகிற மூலையில் கனகரத்தினம் வேலை செய்த அந்தக் கொமினிக்கேசன், வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுக்கிற கடை. பேர்ப்பலகை கிடையாது, யாருடைய பேர் முதலில் வருவது என்பது தீரவில்லை. ஒரு பாதி ஜமால்தீன் நானாவுடையது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற தாய்மாருக்குச் சவூதியிலும் கட்டாரிலும் இருக்கிற பிள்ளைகளோடு தொடர்பு எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். மற்றப் பாதி புஸ்பராணி அக்காவுடையது. அவவின் ஆட்களுக்குப் பிள்ளைகள் கனடாவிலும் ஜெர்மனியிலும். நடுவில் ஒரு பலகைத் தட்டி. தட்டியில் ஒரு வாசல் வெட்டி, அந்த வாசலுக்குள்ளால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற ஒரு தேத்தண்ணித் தள்ளுவண்டி. வண்டியின் மேலே, இரண்டு பேரும் சேர்ந்து வாங்கின பழைய கொம்பியூட்டர். வாங்கும்போதே பழசு.

ஈமெயில் வந்த புதுசு. நானா கொழும்பில் ஒரு கொம்பனியில் சேர்ந்தார். அவர்கள் நாலு பிளொப்பித் தட்டு அனுப்பினார்கள். அக்கா இன்னொரு கொம்பனியில் சேர்ந்தா. அவர்களும் நாலு. நானா தன்னுடையதைப் போட்டார், வேலை செய்தது. அக்கா தன்னுடையதைப் போட்டா. வேலை செய்தது. நானாவுடையது செத்துப்போனது. நானா திரும்பவும் போட்டார். அக்காவுடையது செத்துப்போனது. அப்படிச் செத்த ஒரு நாளில், மூதூரிலிருந்து வள்ளத்தில் வந்து ஆமினா உம்மா மகனுக்குச் சொல்லி எழுதுவித்த இரண்டு பக்கக் கடிதமும் துலைந்தது. மனுசி திரும்ப வள்ளமேறி வந்து திரும்பச் சொன்னா. இரண்டாம் தரம் கடிதம் கட்டையாகவும் காரமாகவும் வந்தது.

வேணுமென்றே செய்கிறா என்றார் நானா. வேணுமென்றே செய்கிறார் என்றா அக்கா. தட்டுகளை மற்றவர் கைக்கு எட்டாமல் தங்களோடேயே வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மூன்று மாதம் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. நாலடி தூரத்தில் இருந்துகொண்டு கனகரத்தினத்துக்கு ஊடாகத்தான் எல்லாம்.

"தம்பி, அந்தப் பக்கத்து ஆளிட்டச் சொல்லு, காத்தாடிய இங்கால திருப்பச் சொல்லி."

"தம்பி, அவரிட்டச் சொல்லுங்கோ, அது தானாத் திரும்பிற காத்தாடி. ஆரும் பிடிச்சு வச்சிருக்கேல்ல."

கனகரத்தினம் நடுவில் நின்று இரண்டையும் அப்படியே திருப்பிச் சொல்லுவான். சிலவேளை சொல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவான். அது அவனுடைய பலவீனம்.

கொப்பிதான் கடைசியில் பிழையைப் பிடித்துக் கொடுத்தது. அறுபது பக்கத்தைத் திரும்ப வாசித்தபோது ஒன்று தெரிந்தது: கடைசியாக யார் தட்டுப் போட்டாரோ அவருடையது உயிரோடு இருக்கிறது. இரண்டு புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டுக்கும் வின்சொக் என்று ஒரு பைல் வேண்டும். பேர் ஒன்று, ஆள் வேறு. இரண்டு பேரும் அதை ஒரே இடத்தில்தான் வைக்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரே பேரில் இரண்டு பைல் இருக்க ஏலாது. அதனால் பிறகு வருகிறவன் முதல் இருந்தவனை அழித்துவிட்டு உட்காருகிறான். நானாவும் செய்யவில்லை, அக்காவும் செய்யவில்லை. நேற்றுப் பின்னேரம் இரண்டு பைலையும் இரண்டு இடத்தில் பிரித்து வைத்தான். திரையில் யாருடைய படத்தை அமத்தினாலும் மற்றவரைத் தானாக மூடிவிட்டு, சரியான பைலை எடுத்துவந்து வைக்கிற மாதிரி ஒரு சின்னக் கட்டளையும் எழுதிப் போட்டான். வாழ்க்கையில் முதல் முதலாக ஒரு வேலையை முழுசாகச் செய்து முடித்த சந்தோசத்தில்தான் அந்தக் கடைசி வரியை எழுதினான்.

ஜீப் நின்றதும் ஜமால்தீன் நானா கதிரையை விட்டு எழும்பினார். புஸ்பராணி அக்காவின் கையிலிருந்த ஸ்டேப்லர் விழுந்தது. எடுக்கவில்லை.

"போட்டுக் காட்டுங்கள்," என்றார் லெப்டினன்.

போட்டான். மெஷின் கண் முழிக்க நாலு நிமிசம். நாலு நிமிசம் என்பது எவ்வளவு நீளம் என்று கனகரத்தினத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நானாவின் படத்தை அமத்தினான். மோடம் விசிலடித்து, இரைந்து, கொழும்பைப் பிடித்தது. பிறகு அக்காவின் படத்தை அமத்தினான். அதுவும் விசிலடித்து, இரைந்து, கொழும்பைப் பிடித்தது. திரும்ப நானா. திரும்ப அக்கா. மூன்று மாதம் ஒரு நாளும் ஒழுங்காக ஓடாத சனியன், இன்றைக்கென்று பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக வேலை செய்தது.

"மிக நன்றாக இருக்கிறது," என்றார் லெப்டினன். "சண்டை எங்கே?"

"நேற்றோட முடிஞ்சுது, சேர்."

"யார் முடித்தது?"

"நான்தான்."

"எப்படி?"

"ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். லெப்டினன் மெஷினை விட்டு மனிசர் பக்கம் திரும்பினார்.

"ஜ. என்பது நீங்களா?"

நானா கதிரையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஜமால்தீன்தான், சேர். ஆனா அந்த ஜ. நானில்ல."

"உங்களுக்கும் இந்த அம்மாவுக்கும் சண்டையா?"

"சண்டையா?" நானா இரண்டு கையையும் விரித்தார். "என்ன கதை சேர் இது? கூடப் பிறந்த தங்கச்சி மாதிரியெல்லா. ஒரு நாள் ஒரு சொல்லு?"

"ஓம் சேர்," என்றா அக்கா, லெப்டினனின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு. "நானா எனக்கு அண்ணை மாதிரி. ஒரு சண்டையும் இல்லை. இருந்ததும் இல்லை."

கனகரத்தினம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கருத்தில் நிற்கிறார்கள். அதுவும் அவனைக் காப்பாற்ற. சண்டை இல்லை என்றால், கொப்பியில் அறுபத்திரண்டு பக்கம் சண்டை பிடித்த அந்த இரண்டு தரப்பும் யார்?

"அக்கா, இருக்குதெண்டு சொல்லுங்கோ," என்றான் மெதுவாக.

"நீர் சும்மா இரும் தம்பி. பயத்தில அலட்டுறான், சேர்."

"நான்கு தட்டுகள் என்று எழுதியிருக்கிறதே. அவை எங்கே?"

"தட்டோ?" என்றா அக்கா. கதிரையில் இருந்த கைப்பையின் மேல் மெதுவாக உட்கார்ந்தா.

"அப்படி ஒண்டும் எங்களிட்ட இல்ல சேர்," என்றார் நானா. சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டார். அந்த வெக்கையில்.

கனகரத்தினத்துக்கு அழுகை வரப்பார்த்தது, சிரிப்பும் வரப்பார்த்தது, இரண்டும் ஒரே வாசலால் வர நின்று இரண்டும் வரவில்லை. தட்டுகள்தான் ஆபத்து என்று நினைத்து ஒளிக்கிறார்கள், பாவங்கள். தட்டைக் கொண்டுவந்து போட்டால் நேற்றையச் சண்டையை இப்பவே நடத்திக் காட்டலாம். அவன் அதைச் சொல்ல வாயெடுத்தான். நானா கண்ணாலே அவனை அடக்கினார்.

லெப்டினன் கொப்பியை மூடினார். கக்கத்தில் வைத்தார்.

"சரி. வாருங்கள், போவோம்."

கனகரத்தினம் சோற்றுப் பார்சலை மேசையில் வைத்தான். அது அவனோடு வரத் தேவையில்லை. "அக்கா, தங்கச்சிக்கு ஒரு பனடோல் காட்..." என்று தொடங்கினான். முடிக்கவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டா.

வாசலில் லெப்டினன் நின்றார். ஏதோ நினைத்தவர் போலத் திரும்பி அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தார்.

"என் தம்பி அவுஸ்திரேலியாவில் படிக்கிறான். அவனுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். இந்த இரண்டில் எது நல்லது?"

தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்பது கனகரத்தினத்துக்கு இன்றுவரை தெரியாது.

"இதில என்ன கேள்வி சேர்," என்றார் நானா. "என்ட பக்கம்தான்."

"அவர் அவுஸ்திரேலியா எண்டவர், நானா," என்றா அக்கா. "கட்டார் எண்டு சொல்லேல்ல."

மூன்று மாதம், நாலு நாளுக்குப் பிறகு. நேராக, முகத்துக்கு முகம்.

"அவுஸ்திரேலியாவுக்கும் என்டதுதான் கெதியாப் போகும். உன்டது போய்ச் சேருறதுக்குள்ள சேர்ட தம்பி படிச்சு முடிச்சு ஊருக்கே வந்திடுவாரு."

"உங்கட லைனில கடிதம் போறதோ? அப்ப ஆமினா உம்மாவின்ர கடிதம் எங்க போனது? குளத்துக்கோ?"

"அத அழிச்சதே நீ!"

"நான் அழிச்சனானோ? முதல் ஆர் என்ர கனடாவைத் துலைச்சது? ஒரு மனுசன் பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்க நட்சத்திரம் கேட்டுக் கடிதம் போட்டவர், நானா! பதில் வரமுன்னம் நீங்கள் உங்கட தட்டைப் போட்டு..."

"போடாம? காலம வந்து பாத்தா என்டது செத்துக் கிடக்கு! ஒவ்வொரு நாளும் காலம! நான் என்ன, மையத்துக் குளிப்பாட்டவா கடை துறந்தன்?"

"சேருக்கு நான் இப்ப போட்டுக் காட்டுறன், எது கெதியெண்டு!"

"நீ என்ன காட்டுற? நான் காட்டுறன்!"

நானா சட்டைப் பொத்தானைக் கழற்றி, பெனியனுக்குள் கையை விட்டு நாலு பிளொப்பியை எடுத்து மேசையில் அடித்தார். அக்கா எழும்பி, தான் இருந்த கைப்பையைத் திறந்து நாலை எடுத்து அதற்குப் பக்கத்தில் அடித்தா.

"தட்டுகள் இல்லை என்றீர்களே?" என்றார் லெப்டினன். அதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

முதலில் நானா. மூன்றாம் தட்டு எப்போதும் போல இடையில் நின்றது. வெளியே எடுத்து, உடுத்திருந்த சறத்தில் துடைத்து, இரண்டு தரம் ஊதிப் போட்டார். "ஊதினாத்தான் ஓடும் இவற்ற கட்டார்," என்றா அக்கா. லெப்டினன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு பால் விடாத ஒரு பிளேன் ரீயும் வாங்கிக்கொண்டார். இருபது நிமிசத்தில் நானாவுடையது விசிலடித்துக் கொழும்பைப் பிடித்தது. நானா இடுப்பில் கைவைத்து நின்றார்.

தள்ளுவண்டி அந்தப் பக்கம் போனது. அக்கா ஒவ்வொரு தட்டாகப் போட்டா, கோயிலில் கற்பூரம் கொளுத்துகிற பக்குவத்தோடு. இன்னொரு இருபது நிமிசம். அதுவும் கொழும்பைப் பிடித்தது.

"இப்ப என்டதையும் போட்டுப் பாருங்க சேர், எது கெதி எண்டு!" நானா வண்டியை இழுத்துத் தன் படத்தை அமத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது; அதற்குள் ஒரு வரி; அந்த வரிக்கு ஒரே ஒரு பொத்தான். நானா அமத்தினார். திரும்பவும் அதே பெட்டி.

"பாத்தீங்களா சேர்! பாத்தீங்களா! நாலு தட்டோட வந்தா! என்ட இடத்த முழுசா அழிச்சிட்டுத் தான் புடிச்சிக்கிட்டா!"

லெப்டினன் கொப்பியைக் கக்கத்திலிருந்து எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். வரியில் விரலை வைத்து நானாவைப் பார்த்தார். விரலைக் கீழே நகர்த்தி அக்காவைப் பார்த்தார்.

"நான்கு தட்டுகளுடன் திரும்பி வந்து," என்று வாசித்தார். "இடத்தைக் கைப்பற்றியது." அவருடைய தோள் ஆடத் தொடங்கியது. "ஜ. தரப்புக்குச் சேதம்..."

"அஞ்சு கடிதம் சேர்!" என்று கத்தினார் நானா.

லெப்டினன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாசலில் நின்ற சிப்பாய்க்கும் ஒரு வரியை மொழிபெயர்த்துச் சொன்னார். அவனுக்கு விளங்கவில்லை, மரியாதைக்குச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கனகரத்தினத்தைக் கூப்பிட்டார். அடையாள அட்டையைச் சிப்பாயிடம் வாங்கி, கொப்பியோடு சேர்த்துக் கொடுத்தார்.

"நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் இப்படி எழுதாதீர்கள். இன்று நான் இருந்தேன். நாளை வேறு யாராவது இருப்பார்கள்." கொஞ்சம் யோசித்தார். "கிரிக்கெட் மாதிரி எழுதுங்கள்."

ஜீப் மூலை திரும்பும் வரைக்கும் கனகரத்தினம் வாசலில் நின்றான். பிறகு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான்.

"அறிவிருக்கோ உமக்கு?" என்று அக்கா தொடங்கினா. "எழுதுறதுக்கு ஒரு வகைதொகை இல்லையோ? 'அழிக்கப்பட்டது', 'கைப்பற்றியது'! நாளைக்கு அந்தப் பிள்ளை தங்கரத்தினம் வந்து என்னைக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? சொல்லும்!" கத்திக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தா. பிறகு அதே முந்தானையால் அவனுடைய நெற்றி வியர்வையையும் துடைத்துவிட்டா.

நானா சீனி நாலு கரண்டி போட்டு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்தார். ஓடிவந்ததில் பாதி சாசரில் கிடந்தது.

"நானா, இவரை வீட்ட அனுப்புவம்."

"இல்ல ராணி, முதல் இதக் குடிக்கட்டும். முகத்தப் பாரு, வெள்ளைச் சீலை மாதிரிக் கிடக்கு."

"சைக்கிள் சென்றியில நிக்கும். நடக்க மாட்டார்."

"நான் ஆட்டோ புடிச்சித் தாறன். பனடோலும் வாங்கிக் குடுக்கணும், தங்கச்சிக்குக் கேட்டவன்."

தன்னைப் பற்றி, தான் இல்லாத மாதிரி, அவர்கள் கதைப்பதைக் கனகரத்தினம் நிலத்தில் இருந்து கேட்டான். சாசரில் கிடந்ததையும் குடித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எதையும் திருப்பிச் சொல்லும்படி ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. மூன்று மாதமாகச் செய்த உத்தியோகம் போய்விட்டது. ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் திரும்பவும் மெஷினுக்கு முன்னால் இருந்தான். நானாவின் நாலு தட்டும் அக்காவின் நாலு தட்டும் நேற்று முன்தினத்து வேலையைத் தரைமட்டமாக்கி வைத்திருந்தன. இரண்டு பைலையும் திரும்பவும் இரண்டு இடத்தில் பிரித்து வைத்தான். அதற்குப் பத்து நிமிசம் போதும். மற்ற ஆளைத் தானாக மூடுகிற அந்தச் சின்னக் கட்டளையையும் எழுதினான். எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான்.

நேற்று முன்தினம் அவன் செய்த வேலை அருமையான வேலை. அதற்குப் பிறகு நானாவுக்கு அக்கா தேவையில்லை, அக்காவுக்கு நானா தேவையில்லை. ஒன்றையொன்று அறியாமலே நடமாடலாம்.

கட்டளையில் மற்ற ஆளை மூடுகிற வரியை மட்டும் அழித்தான்.

"என்ன தம்பி, சரியோ?" என்று அக்கா இந்தப் பக்கத்தால் எட்டிப் பார்த்தா. நானா அந்தப் பக்கத்தால்.

"சரிதான். ஆனா ஒரு சின்ன விசயம்." முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டான். கோர்ஸ் மாஸ்டர் மின்வெட்டு நாட்களில் வைத்திருந்த அதே முகம். "ஒராள் பாவிச்சு முடிய, கட்டாயம் மூடவேணும். மூடினதெண்டு மற்ற ஆளுக்கு வாயால சொல்லவும் வேணும். கேக்காமத் திறந்தா, திரும்ப எல்லாம் துலையும்."

"தானாச் செய்ய வைக்க ஏலாதா?" என்றார் நானா.

"பழைய மெஷின், நானா. இதுக்கு மேல ஏலாது."

இரண்டு பேரும் மெஷினை அனுதாபத்தோடு பார்த்தார்கள். கனகரத்தினமும் பார்த்தான். அது பாவம், இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு பேசாமல் இரைந்தது.

அதற்கு அடுத்த கிழமை சென்றியில் அதே புதிய சிப்பாய் பையைத் திறந்தான். சோற்றுப் பார்சல், ஸ்குரூ டிரைவர், கொப்பி. கொப்பியை விரித்துப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. அன்றையப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"காலை 9.10. ஜ. ஆட வந்தார். மூன்றாம் தட்டு தேவைப்படவில்லை. 9.40. தட்டிக்கு அங்காலிருந்து ரா.: 'நானா, முடிஞ்சுதோ?' 9.41. ஜ.: 'ஒரு கடிதம்தான் ராணி, ஆமினா உம்மாட. கொஞ்சம் பொறு.' 9.50. ரா. பொறுத்தார். 9.55. மழை. லைன் இல்லை. ஆட்டம் நிறுத்தம். இருவரும் தேத்தண்ணி."

சிப்பாய் கொப்பியை உள்ளே நீட்டினான். மண்மூட்டைக்குப் பின்னால் ஏதோ எழுதிக்கொண்டிருந்த லெப்டினன் தலையைத் தூக்கவில்லை.

"எத்தனை விக்கெட்?"

"விக்கெட் ஒண்டும் இல்லை, சேர்," என்றான் கனகரத்தினம். "மழை."